பதினொன்று நாற்பது

லோரோங் குலிட், ஞாயிறு காலை.
ரைஸ் குக்கர் மூடிகள், நரம்பறுந்த பேட்மிண்டன் மட்டை,
ஜோடி தொலைத்த காலணி. நடுவில்
ஒரு பிஸ்கட் டின் நிறைய
நின்றுபோன கைக்கடிகாரங்கள்.
ஆளுக்கொரு நேரம் சொல்லிக்கொண்டு கிடந்தன,
பந்தியில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுவதுபோல.

நான் எடுத்ததை ஹாலிம்
காதோரம் வைத்துக் குலுக்கினார்.
"நூற்றெண்பது வெள்ளி."
நூற்று முப்பதுக்கு முடிந்தது.
பசியாறாமல் காரில் காத்திருந்த சற்குணனிடம்
அறுபது என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, பர்மா சாலைக் கோப்பிக்கடை.
நாங்கள் கூடுகிற மேசை:
ஆறு ஆண்கள், நான்.
பெங் சுவான் கண்ணில் லென்ஸைச் செருகிப்
பின்மூடியைத் திறந்து
பிரேதப் பரிசோதனை போல வாசித்தார்.
முகப்பு பம்பாயில் மறுபடி பூசியது.
முட்கள் இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.
எந்திரம் எழுபத்து மூன்று, கூடு அதற்கும் பிந்தியது.
"கெனா திப்பு லா."
மற்றவர்கள் நாகரிகமாகக் கோப்பியைக் கலக்கினார்கள்.

சாவி கொடுத்தேன்.
ஓடியது.

என்னிடம் இப்படிப் பத்தொன்பது இருக்கின்றன.
கை வீச வீசத் தானே சாவி ஏறுகிறவை,
காந்தம் பட்டுக் கிறுக்குப் பிடித்து
நாளுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடிய ஒன்று,
வாரைக் கழுவினாலும்
முன்னாள் சொந்தக்காரரின் வியர்வை போகாத ஒன்று.
வேலைக்குப் போகும்போது கட்டுவதில் பயனில்லை.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
சுத்த அறைக்குள் உலோகம் கூடாது.
நொடியை நூறு கோடியாக நறுக்கும் சில்லுகளோடு
பன்னிரண்டு மணி நேரம் நான் உள்ளே;
லாக்கரில், காலுறைக்குள், அது.
இருந்தும் கட்டிக்கொண்டுதான் போகிறேன்.

"கைப்பேசியில மணி இல்லையா?"
இருக்கிறது.
அது சரியான மணி.

எண்பத்தொன்று, டிசம்பர் முப்பத்தொன்று.
அன்றிரவு பதினொன்றரைக்கு
நாடே முள்ளைப் பிடித்து இழுத்துப்
பன்னிரண்டில் வைத்தது.
பத்து நிமிடம் கழித்து,
பட்டர்வொர்த் ஆஸ்பத்திரியில், நான்.
வலியில் இருந்தவள் முள்ளைத் திருப்புவாளா?
அம்மாவின் மணிக்கட்டில் பதினொன்று நாற்பது.
தாதி எழுதியது பன்னிரண்டு பத்து, ஜனவரி ஒன்று.
என் அடையாள அட்டை 820101 என்று தொடங்கும்.
அம்மா மட்டும் ஒருநாள் முந்தியே பாயசம் வைப்பாள்.

கல்யாணம் பேசும்போது ஜோதிடர் கேட்டார்:
பழைய மணியா, புது மணியா?
அம்மா பழையது என்றாள்.
அப்பா பிறப்புப் பத்திரத்தை நீட்டினார்.
ஒரே நொடிக்கு
இரண்டு ஜாதகம் எழுதி
இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டார் மனிதர்.
ஒன்றில்தான் சற்குணன் பொருந்தினார்.
எதில் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த நாலு வீட்டுக் கடிகாரத்தை
அரை மணி பின்னால் வைத்திருக்கிறேன்.
லீவு நாளில் இதைத்தான் கட்டுகிறேன்.
பல்மருத்துவரிடம் ஒருமுறை திட்டு வாங்கியாயிற்று.

போன வருடக் கடைசி இரவு, கர்னி டிரைவ்.
வாணவேடிக்கை முடிந்து
புகை கடல்பக்கம் போய்க்கொண்டிருந்தது.
எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்ப
கார் ஓர் அங்குலம் நகரவில்லை.
சற்குணன் எஞ்சினை அணைத்தார்.
டாஷ்போர்டில் பச்சை எண்கள் போயின.
"உன் மணி என்ன?"
என் பக்கம் திரும்பாமல்தான் கேட்டார்.

முப்பத்தெட்டு. ஆனால் இது
நாளுக்கு நாற்பது நொடி பிந்துகிற சாமான்,
திருத்தி மூன்று நாளாகிறது.
அப்படியானால் இதோ, இப்போதே என்றார்,
மடியில் இருந்த அப்பம் பாலிக்கை
காகிதத்தோடு சேர்த்துப் பிட்டார்.
வேர்க்கடலை இருக்கையெல்லாம் கொட்டியது.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
கண்ணாடியில் ஆவி.
பெருவிரலால் துடைத்தேன்.
உள்பக்கம் படிந்த ஆவி அது.