எத்தனை ஆடு

முதலில் துரு என்றுதான் நினைத்தேன்.
காளான் பவளத்தின் மடிப்பில்
செங்கல் பொடி தூவியதுபோல் நாலைந்து புள்ளி.
பம்பு ஆணி இற்றிருக்கும்,
ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறன்று துரு நகர்ந்தது.

பதிவேட்டில் எழுதாமல்
ஆய்வகத்து லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
நொய்யரிசி அளவு. காகிதத்தைப்போல் தட்டை.
பின்பக்கம் மூன்று வால், கிழிந்த பாவாடை ஓரமாய்.
கடிக்கவில்லை. பவளத்தைத் தின்னவில்லை.
அதன்மேல் பாய் விரித்துப் படுத்து
அதற்கு விழவேண்டிய வெளிச்சத்தைத்
தான் வாங்கிக்கொண்டிருந்தது.
ஜோடிக்குக் காத்திருப்பதில்லை.
தன்னிலிருந்து ஒரு துண்டைக் கழற்றி விடுகிறது,
துண்டு சில நாளில் முழுசாகிவிடுகிறது.
போன மாதம் வாங்கிய பொத்தான் பவளத்தை
அயோடினில் முக்காமல் இறக்கியது
நான்தான்.

பகலில் எனக்குத் திருத்துறைப்பூண்டியில்
மண் பரிசோதனை மேசை.
தலைஞாயிறு பக்கமிருந்து பக்கிரிசாமி
கலர் பாட்டிலில் போர்த்தண்ணி கொண்டுவருவார்.
கம்பியை நனைப்பேன். எண் ஏறும்.
உப்பு அதிகம், நெல்லுக்கு ஆகாது
என்று சீட்டில் எழுதிக் கையெழுத்திடுவேன்.
சீட்டை அவர் நாலாக மடிப்பார்,
மடித்தால் எண் குறைந்துவிடும் என்பதுபோல.

இரவில்
நல்ல தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்குகிறேன்.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
ஒரு கிராம் குறைந்தாலும் பதறுகிறேன்.

பதினோரு ராத்திரி குழாயால் உறிஞ்சினேன்,
விளக்கு எரிகிற வரைக்கும்தான்,
அணைந்தால் ஒளிந்துகொள்ளும்.
வாளியில் கட்டிய துணியில் வந்து விழும்.
முதல் நாள் நாற்பது. நாலாம் நாள் நூற்றுப்பத்து.
அப்புறம் எண்ணவில்லை.

ஆட்டுக்கு ஊற்றும் புழு மருந்து இதற்கும் கேட்கும்
என்று தெரிந்து
ரயிலடிப் பக்கம் அமீருதீன் கடைக்குப் போனேன்.
"எத்தனை ஆடு?"
"ஒரு தொட்டி."
"எடை?"
"நூற்றைம்பது லிட்டர்."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கால் மணி நேரத்தில் எல்லாம் உதிர்ந்தன.
சாமந்தியைக் கசக்கிப் பிழிந்த நிறம் தண்ணீருக்கு.
இருந்தவரை செய்யாததைச்
செத்தபின் செய்கிற ஜீவன்:
விஷம் அப்போதுதான் வெளியே வருகிறது.
கோமாளி மீன் மூலையில் மூச்சு வாங்கியது.
கரியை மாற்று. தண்ணீரை மாற்று. மறுபடி மாற்று.
விடிவதற்குள் ஆறு வாளி.

ஆறு வாளி உப்புத் தண்ணீர்.
எங்கள் தெருச் சாக்கடை வாய்க்காலில் விழுகிறது.
வாய்க்கால் யார் யார் வயலுக்குப் போகிறதென்று
ஆபீஸ் ரிஜிஸ்டரில்
என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மொட்டைமாடிக்குத் தூக்கினேன்,
ஒவ்வொரு வாளிக்கும் முப்பத்திரண்டு படி.
தகரத் தட்டு, துணி ஊறவைக்கும் டப்,
நெல் மூடும் தார்ப்பாயில் கரை கட்டி மிச்சம்.
சித்திரை வெயில் ஐந்து நாளில் குடித்து முடித்தது.
அடியில் உப்பு, லேசாய் ஆரஞ்சு ஓடி,
இரண்டு படி இருக்கும்.
சாப்பிட முடியாது, கொட்டவும் முடியாது.
பெயின்ட் டப்பாவில் அடைத்துக்
கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறேன்.

இன்று காலை கண்ணாடியின் இடது மூலையில்
மறுபடி ஒன்று.

பஸ் ஸ்டாண்டில் அமீருதீன்,
"ஆடு பிழைச்சுதா மேடம்?"
"பிழைச்சுது."
பாட்டிலோடு பக்கத்தில் நின்றிருந்த பக்கிரிசாமி
"நீங்க ஆடு வேற வச்சிருக்கீங்களா?" என்றார்,
"உப்புத் தண்ணியக் குடிக்குமா அது?"