பக்கம் முப்பத்தொன்று

தலைமை தாங்க வேண்டியவர்
ஆமர் வீதிச் சந்தியில் மாட்டிக்கொண்டதாகச் செய்தி அனுப்பினார்.
பிறகு அதையும் அழித்துவிட்டார்.

அழைப்பிதழில் ஐந்து மணி.
ஆறே காலுக்கு, கொட்டாஞ்சேனைச் சனசமூக நிலையத்தில்
மூன்று மின்விசிறிகளில் ஒன்று சுற்ற,
கதிரை கிடைக்காதவர்கள்
மீன்பெட்டிகளைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள்.
மேசையில் இருநூறு பிரதி,
பசை மணம் இன்னும் போகவில்லை.

தன் முதல் புத்தகத்துக்குப் பக்கத்தில்
வங்கியில் டோக்கன் எடுத்தவள்போல் நின்றாள் மெற்றில்டா.

தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள்.
பிழையாய் அடித்த பில்களின் முதுகில்தான்
பதினொரு வருஷம் எழுதினாள்.
அந்தத் தாளின் குணம் தெரியும்தானே:
தொகை, திகதி, நோயாளியின் பெயர்
எல்லாம் ஆறு மாதத்தில் வெளிறிவிடும்.
பின்பக்கத்துப் பேனை மட்டும் நிற்கும்.

வாழ்த்துரை வேண்டாமாம்.
யாரைப் பற்றி எழுதினாளோ
அவர்களே வாசிக்கட்டுமாம்.

கேஸ் வரிசையைப் பிள்ளைகள் நடித்தார்கள்.
தண்ணீர்ப் போத்தல்தான் சிலிண்டர்.
வரிசை மேடையை விட்டிறங்கி
வாசல் தாண்டி றோட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது
இடையில் ஒரு பாண்காரர்,
எதற்கென்று தெரியாமலே சேர்ந்திருந்தார்.

மூன்றாம் மாடி சுனேத்ரா
தானே சிங்களத்துக்கு மாற்றியதை வாசித்தாள்.
‘புழுக்கம்’ வந்த இடத்தில் சொல் தேடி நின்றவள்
கடைசியில் அழைப்பிதழை மடித்து
கழுத்தடியில் விசிறிக் காட்டினாள்.
நசீஹா ராத்தா பால்மா டின்னில் தட்டிய தாளம்
இரண்டு கவிதை முடிந்த பிறகும் நிற்கவில்லை.

என் முறை. பக்கம் முப்பத்தொன்று.
தோட்டத்து வீடுகளை உடைத்த நாள்.
மூச்சைப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்:

டோசர் திரும்பிப் போனபின்
மழையில் நின்று
அழுதாள் பவுலின்.

யாரோ மூக்குறிஞ்சினார்கள். எனக்குப் பெருமை.

“நான் அழல்ல.”

பின்வரிசையில் பவுலின் அக்கா எழும்பி நின்றா.
“ஏசினேன்.
அந்த ஒபீசர்ட அப்பன், பாட்டன், பைல், குடை
ஒன்டையும் விடல்ல.
தொண்ட கட்டி மூணு நாள் மீன் கூவ ஏலாமக் கிடந்தேன்.
நீ பக்கத்துலதானே நின்ட, பிள்ள?”

மைக் என் கையில்தான் இருந்தது.
மெற்றில்டா அதைக் கேட்கவில்லை.
“நின்டேன்” என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
“அப்ப அழுதது நானாயிருக்கும்.”

பிறகு நடந்ததை நிகழ்ச்சிநிரலில் எவரும் போடவில்லை.
கைப்பையில் பேனை தேடினாள்.
ட்யூஷன் பிள்ளைகளிடம் ஆறு,
சீட்டுக்காரியிடம் ஒன்று,
சுனேத்ராவிடம் சிவப்பு.
இருநூறு பிரதியும் மடி மடியாய்ப் போக,
‘அழுதாள்’ மேல் கோடு,
கோட்டுக்கு மேல் ‘ஏசினாள்’.
பாண்காரரும் நாலு திருத்தினார்,
வண்டியின் பாட்டு வெளியே தனியாய்ப் பாடிக்கொண்டிருக்க.

“வடிவா வெட்டுங்க, பழசு தெரியக் கூடாது”
என்று சுற்றிவந்தா பவுலின் அக்கா.
தெரியத்தான் செய்கிறது.

எட்டு மணிக்குப் புரவலர் வந்தார், கையில் உறையோடு.
முதற்பிரதி எது என்றார்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
எல்லாம் கலந்துபோயிருந்தது.
பிளாஸ்டிக் தட்டில் பட்டிஸ் கொடுத்து
மேலே கிடந்ததைக் கொடுத்தோம்.

எனக்கு வந்த பிரதியில் அஷ்ஃபாக்கின் எழுத்து.
மூன்றாம் ஆண்டு.
அவனுக்கு எல்லா ளகரமும் லகரம்தான்:

மழையில் நின்று
ஏசினால் பவுலின்.

திருத்தப் போன கை அப்படியே நின்றது.

ஏசினால், பவுலின்,
ஏசினால்?

வாக்கியம் முடியாமல் என் மேசையில் கிடக்கிறது.
வேலைக்குப் போகுமுன்
தினம் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கிறேன்.