பதினாறாவது குமிழ்

என் பலகையில் பதினாறு குமிழ்கள்.
பதினைந்துக்கு வேலை உண்டு.
பதினாறாவது, ஆறு கடைக்குள் வந்த வருஷம்
நனைந்து செத்தது.
கம்பியைக் கத்தரித்துவிட்டேன்.
குமிழை விட்டுவைத்திருக்கிறேன்,
திருகினால் இன்னும் நன்றாகத் திரும்பும்.

ஊத்தான் மெலிந்தாங். திருவிழா எட்டாம் இரவு.
செம்பனைக் குலை ஏற்றும் லாரியைக் குறுக்கே நிறுத்தி
பக்கத் தட்டியை இறக்கி, சிவப்புக் கம்பளம் விரித்து, மேடை.
கம்பளத்தைத் தாண்டி எண்ணெய் வாசம்.
எவ்வளவு ஊதுவத்தி ஏற்றியும் அது அமரவில்லை.

கான இமயம் துரைவேந்தன்
கோலாலம்பூரிலிருந்து வந்துவிட்டார்.
வந்து, காரைவிட்டு இறங்கவில்லை.
ஏர்கான் ஓடுகிறது, கண்ணாடி ஏறியே இருக்கிறது.
சுவரொட்டியில் அவர் பெயரும்
வயலின் லோகேஸ்வரி பெயரும்
ஒரே உயரமாம்.
செயலாளர் நல்லமுத்து
கறுப்பு மார்க்கரோடு மோட்டார் சைக்கிளில் பறந்தார்:
மீன் சந்தை, கிளினிக், பஸ் நிற்கும் இடம்.
ஒவ்வொரு சுவரிலும் இமயத்தைத் தடிப்பாக்கிவிட்டுத் திரும்பியபோது
முன்வரிசைப் பிள்ளைகள் தூங்கியிருந்தார்கள்.

முதல் பாட்டு முடியவில்லை, என்னைப் பார்த்தார்.
"தம்பி, என் குரலைத் தூக்கு.
வயலின் என்ன, தனியாக் கச்சேரி பண்ண வந்திருக்கா?"
பதினாறைத் திருகினேன்.
கண்ணை மூடினார். "ஆ... இதுதான் சவுண்டு."
அடுத்த பாட்டில் லோகேஸ்வரி
வில்லின் நுனியால் வானத்தைக் காட்டினார்.
பதினாறு.
தலையசைத்தார், திருப்தி.
தபேலா குணாளன் புருவத்தாலேயே கேட்டார்.
அவருக்கும் அதேதான், கொஞ்சம் தாராளமாக.
பத்து மணிக்குள் எல்லாரும்
மற்ற எல்லாரையும்விடப் பெரியவர்கள்.
சத்தம் மட்டும்
ஏழரைக்கு வைத்த இடத்திலேயே இருந்தது.

பிறகு ஒரு கைக்குழந்தை அழுதது.
பாட்டை நிறுத்தினார். மைக்கிலேயே சொன்னார்:
"பிள்ளைய வெளியே கொண்டுபோங்க.
நான் லண்டன்ல பாடுறேன், அங்க ஒருத்தன் இருமமாட்டான்."
மருந்தடிக்கும் கூட்டத்துப் பெண் ஒருத்தி, பெயர் மலர்க்கொடி,
சிலிப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
நாற்காலிகளுக்கிடையே மன்னிப்புக் கேட்டபடி
செம்பனை இருட்டுக்குள் போனாள்.
அழுகை கொஞ்ச தூரம் கேட்டது.
அதற்கு என்னிடம் குமிழ் இல்லை.

மூன்றாவதைத் தொட்டேன். அவருடையது. நிஜமானது.
ஒரு மயிரிழை கீழே.
யாருக்கும் தெரியவில்லை.
அவர் தொண்டைக்குத் தெரிந்தது.
எட்டிப் பிடிக்கப் போனார்,
குரல் விரிசல் விட்டது,
விரிசல் வழியாக ஏதோ ஒன்று வெளியே வந்தது,
பயந்துபோன, பட்டம் இல்லாத ஒன்று.
பின்னால் நின்ற வங்காளதேச ஆட்கள்கூட
சிகரெட்டை மறந்து நின்றார்கள்.
லோகேஸ்வரி வில்லைத் தாழ்த்தி
அவருக்கு வழி விட்டார்.
அன்றைக்குப் பாட்டு என்று ஒன்று நடந்திருந்தால்
அந்த நாலு நிமிஷம்தான்.

அது நான் பாடிய பாட்டு.
அப்படித்தான் ஆ லெக் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்,
பதினோரு வருஷமாக, தே தாரே ஆறும்வரை.
வயர் சுருட்டும் ரோஸ்லான் கணக்கு வைத்திருக்கிறான்:
முதலில் மயிரிழை என்றேனாம்,
பிறகு ஒரு விரல்கடை,
போன தீபாவளிக்கு
இமயத்தை அப்படியே அணைத்துவிட்டேனாம்,
கூட்டம் எழுந்து, திரும்பி,
என்னைப் பார்த்துக் கைதட்டியதாம்.
மலர்க்கொடி இப்போதெல்லாம் கதையில் வருவதில்லை.
நீளமாகிவிடுகிறது என்று விட்டுவிடுகிறேன்.

ஆ லெக் தோட்டத்துத் தமிழ் பேசுவார்.
கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடி
"உன்ன மாதிரி ஆளு பேராக்குலயே இல்லலா" என்கிறார்.
நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.
குவளைக்குள் துணி
மெதுவாகத் திரும்பும் சத்தம்.