சம ஆழக் கோடு

படிவத்தில் பதினான்கு கட்டங்கள்.
கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
குண்டடத்துக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவே
ஓர் அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து
மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு வந்த ஆடிக் காற்று
ஜன்னலை அறைந்தது. கொக்கி இல்லை;
செங்கல்தான் முட்டு.

‘சம உயரக் கோடு’ என்று பலகையில் எழுதிவிட்டு
சாந்தாமணி டீச்சர் திரும்பினார்.
“நேத்து கேட்டுட்டு வரச் சொன்னனே,
உங்க வீட்டு போர் எத்தன அடி?”

கட்டம் ஒன்று: முன்னறிவைத் தூண்டினாரா?
டிக் போட்டேன்.
அதற்குப் பிறகு பேனாவை மறந்துவிட்டேன்.

“அறுநூத்தி இருவதுங் டீச்சர்.”
“எங்களுது எண்ணூறு. அது ரெண்டாவது போட்டது.
மொதல்ல போட்டதுல பொகைதான் வந்துச்சு.”
யுகேந்திரன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு
“ஆயிரத்து நூத்தியம்பதுங்” என்றான்.
வகுப்பே ஓவென்றது,
சிக்ஸர் அடித்தவனைப் பார்ப்பதுபோல.

பெஞ்சுகளை ஓரம் தள்ளி
தரையில் சாக்பீஸால் ஊர் வரைந்தார்கள்.
மாரியம்மன் கோயில் ஒரு வட்டம்,
பஸ் ஸ்டாப் ஒரு பெருக்கல் குறி,
பிஏபி வாய்க்கால் ஒரு நெளிவு.
அவரவர் வீடிருக்கும் இடத்தில்
அவரவர் எண்ணும் அவரவர் கால்களும்.
பிறகு நூல்கண்டு கை மாறியது.
அறுநூறுகள் ஒரு வளையம்,
உள்ளே எண்ணூறு, அதற்கும் உள்ளே
ஆயிரம்.

கனிஷ்கா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.
“இது மலைங் டீச்சர்.”
“நல்லா உத்துப் பாரு.”
“மலைதான்...
ஆனா உச்சி கீழ இருக்குது.”

ஆனைமலையைப் பாடப்புத்தகத்தின்
பழுப்பு மையில் மட்டும் பார்த்தவர்கள்
தங்கள் காலடியைப் பார்த்தார்கள்.
ஒருவன் நிஜமாகவே
ஒரு காலைத் தூக்கிக்கொண்டான்.

மாதேசு மட்டும் வாசலருகே,
சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு.
“எங்களுக்கு போரே இல்லைங்.
லாரித் தண்ணிதான். நா எங்க நிக்கறது?”
“சுழியம் போடுறா.”
“சுழியம் போட்டா, கை வெச்ச எடத்துல
தண்ணின்னு ஆயிரும்” என்றாள் கனிஷ்கா.
அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது.
யாரும் சிரிக்கவில்லை.

“லாரி எந்தத் தோட்டத்துல இருந்து வருது?”
கேட்டது டீச்சர் அல்ல, பின்னாலிருந்து யாரோ.
மாதேசுக்குத் தெரியும். சொல்லவில்லை.
யுகேந்திரன்தான்
தன் ஆயிரத்து நூற்றைம்பதைப் பார்த்தபடி சொன்னான்:
“எங்களுதுல இருந்துங்.” பிறகு
யாரும் கேட்காமலே, “லோடு தொள்ளாயிரம்.”

மிச்ச நூலின் ஒரு முனை அவன் விரலில்,
மறுமுனை வாசல்வரை போய் மாதேசு கையில்.
எல்லா வளையங்களையும் குறுக்கே வெட்டிக்கொண்டு
ஒரே ஒரு நேர்கோடு.
“இதுக்குப் பேரு என்னங் டீச்சர்?”
“புத்தகத்துல இல்ல” என்றார்.
“எனக்கும் தெரியல.”
மணி அடித்தது. நூலை உடனே
விடத் தெரியவில்லை ரெண்டு பேருக்கும்.

கட்டம் ஒன்பது: ஐயங்கள் முழுமையாகத் தீர்க்கப்பட்டனவா?
இல்லை என்று எழுதினேன்.
கட்டம் பன்னிரண்டு: பாடம் குறித்த நேரத்தில் முடிந்ததா?
இல்லை.
கடைசிக் கட்டத்தில் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதினால்
மேலே இருக்கிறவர்கள் காரணம் கேட்பார்கள்.
எழுதினேன்.

தாராபுரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது
தம்பிக்குப் போன் போட்டேன்.
“நம்ம தோட்டத்து போர் எத்தன அடிடா?”
காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை.
இன்னொரு தடவை கத்தினேன்,
டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

“எதுக்குண்ணா” என்றான்.
“எந்த போரு?”