எழுபத்தொன்று தசம் நான்கு

ஏழு கிழமையாய் அதே எண்.
கட்டிலடியில் கிடக்கும் தராசைக் காலால் இழுத்து
காப்பைக் கழற்றி வைத்து
மூச்சையும் வெளியே விட்டு
ஏறி நிற்கிறேன்.
எழுபத்தொன்று தசம் நான்கு.
ஒருநாள் மட்டும் தசம் ஐந்து என்றது.
தலை துவட்டாமல் ஏறியிருக்கக்கூடாது.

முதல் பதினொரு கிலோவும்
சொல்லிக்கொள்ளாமல் போனவை.
தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, இரவில் புட்டு இல்லை.
விடிய ஐந்தரைக்கு டச்சுக் குடாக் கரையில்
நாலு தரம் போய் நாலு தரம் வருவேன்.
மான்கள் எனக்கு விலகுவதை விட்டுவிட்டன.
காணிப் பதிவகத்தில்
"மெலிஞ்சிட்டீங்கள் தயாளினி" என்றவர்களே
மாசியில் கேட்டார்கள்:
"முகம் வாடிக்கிடக்கு, ஏதும் சுகமில்லையோ?"

அந்த வெள்ளி, கோணேசர் கோயில் ஏற்றத்தில்
கண் இருண்டு
இளநீர்க்காரரின் குடைநிழலில் குந்தினேன்.
தண்ணீர்ப் போத்தலைத் திறக்க முடியவில்லை.
சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகியும்
மூடி அசையவில்லை.
பக்கத்தில் ஐஸ்பழம் சூப்பிக்கொண்டிருந்த பொடியன்
வாங்கி, ஒரே திருகில் திறந்து தந்தான்.
குடிக்கக் குடிக்கத்தான் விளங்கியது:
கழித்துக் கழித்து எறிந்ததற்குள்
இதுவும் போயிருக்கிறது.

என்.சி. வீதியில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
பெண்களுக்குக் காலை ஆறிலிருந்து ஏழரை.
கிண்ணியாப் பாலம் தாண்டி ஸ்கூட்டியில் வரும் நுஸ்ரத்
என் பதினொரு கிலோவைப் பற்றிக் கேட்கவேயில்லை.
"காலையில என்ன சாப்பிட்டீங்க?"
ஒன்றுமில்லை என்றேன், பெருமையாக.
"அப்ப இண்டைக்குப் போயிட்டு
நாளைக்குச் சாப்பிட்டு வாங்க."

மறுநாள் குசினியில் விளக்குப் போடாமல்
நின்றபடி இரண்டு முட்டை,
களவெடுத்தவள் மாதிரி.

வெறும் கம்பி மட்டுமே இருபது கிலோ.
ஒரு தட்டும் பூட்டாத கம்பி.
ஒன்றரை வருசமாய் நான் கரைத்ததைவிட ஒன்பது கூட.
குனிந்து தூக்கி, நிமிர்ந்து, வைத்தேன்.
எட்டுத் தரம்.
கடல் காற்றில் தட்டெல்லாம் துரு.
உறுதிகளுக்கு முத்திரை குத்தும்போது
பகல் முழுக்க என் கையில் இரும்பு மணத்தது.

எடை எழுதிய கொப்பியைத் தலைகீழாய்ப் புரட்டி
பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்:
இருபது. இருபது. இருபத்தைந்து.
முன்பக்கம் இறங்கிக்கொண்டே போன எண்களை
நடுத்தாளில் எங்கேயாவது இவை சந்திக்கலாம்.

நான்காம் கிழமை தராசு
எழுபத்திரண்டு தசம் ஆறு.
இரண்டு நாள் போகவில்லை.
வெட்கமா கோபமா, தெரியாது.
நுஸ்ரத் கோல் எடுக்கவுமில்லை.
ஒரு படம் அனுப்பியிருந்தாள்:
தரையில் கம்பி, இரண்டு பக்கமும் என் தட்டுகள்,
ஆள் இல்லை.

போனேன்.

ஆனியில் தையல்காரி
சட்டையின் இடுப்பைப் பிடித்தாள்,
கையை அரை அங்குலம் விட்டாள்.
"ஆருடைய அளவு இது?" என்று
என்னிடமே கேட்டாள்.

ஐப்பசி மழை. தகரக் கூரையில் பேச்சுக் கேட்காது.
"எழுபத்தொன்று தசம் நான்கு போடும்" என்று கத்தினேன்.
"தசம் நாலுக்கெல்லாம் இங்க தட்டில்லக்கா.
எழுபது, இல்லாட்டி எழுபத்திரண்டரை.
ஒண்டச் சொல்லுங்க."

எழுபத்திரண்டரை.
முதல் இழுப்பில் அசையவில்லை.
குதியை ஊன்றி, வயிற்றை இறுக்கி, மறுபடி.
முழங்கால் தாண்டியது.
நிமிர்ந்து நின்றேன்,
கிட்டத்தட்ட என் நிறையுள்ள ஒருத்தியை
இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு.
மெல்ல வைக்கவேண்டும் என்பது சட்டம்.
விட்டுவிட்டேன்.
கீழே பெயின்ற் வாளிகள் ஆட
"ஆரடா அது!" என்றார் கடைக்காரர்.

தராசை முன்வீட்டு மங்களேஸ்வரி கொண்டுபோனாள்,
கனடாவுக்குக் கருவாட்டுப் பார்சல் நிறுக்க.
இன்னும் திருப்பித் தரவில்லை.
கேட்கவேணும்.