எங்க போறிய

வள்ளியூர் டாக்டர் சீட்டின் பின்பக்கம் எழுதினார்:
நாற்பத்தைந்து நிமிடம். தினமும். வேகமாக.
எங்கே என்று எழுதவில்லை.

இருபத்தோரு வருஷம் தையல் மெஷினை மிதித்த கால்கள்.
கணக்குப் போட்டால் காசிக்குப் போய்த் திரும்பியிருக்கும்.
வாசல் நிலையைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் அடிபம்பைக் கடக்குமுன்
மூன்று பேர் கேட்டாயிற்று:
"எங்க போறிய, ராஜகனி அக்கா?"
சும்மா என்றேன்.
சும்மா என்றொரு ஊர் இந்தப் பக்கம் கிடையாது.
எங்கள் பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு சோலி உண்டு.
குளத்துக்கு ஒன்று, சுடுகாட்டுக்கு ஒன்று,
பீடி இலை நிறுத்துத் தரும் கடைக்கு ஒன்று,
கருக்கலில் நாங்கள் ஒதுங்கப் போன உடங்காட்டுக்கு ஒன்று.
வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்த பிறகு
அதில் மட்டும் புல் ஏறிக் கிடக்கிறது.
யாருக்கும் வருத்தமில்லை.

மறுநாள் ஒரு பன்னருவாளை எடுத்துக்கொண்டேன்.
ஒருத்தரும் கேட்கவில்லை.

பொத்தை என்றால் மலையென்று நினைக்க வேண்டாம்.
மலை மேற்கே இருக்கிறது, மழையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு.
இது அது சிந்திவிட்டுப் போன கல்லும் மண்ணும்.
ஒன்றில் ஏறினால் அடுத்தது தெரியும்.
அதில் ஏறுவதற்குள்
ஒரு செவக்காடு, மணல் மட்டும் ஓடும் ஓடை,
பத்துப் பனை, ஒரு கள்ளிவேலி,
திரும்பவும் மூச்சு வாங்கும் ஏற்றம்.
ஏற்றத்துக்கு ஏற்றம் காத்தாடி.
ஆடிக் காற்றில் அதன் றெக்கை நிழல்
பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டே இருக்கும்.
முதல் வாரம் ஒவ்வொரு வெட்டுக்கும் நின்றேன்.
அப்புறம், சுழலும் கயிற்றுக்குள் புகும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல
நேரம் பார்த்து நுழையப் பழகிவிட்டேன்.
ஆள்காட்டிக் குருவிதான் கடைசிவரை
அருவாளை நம்பவில்லை.

"அந்தப் பக்கமாத்தான போறிய?"
பூரணம் தூக்குவாளியை நீட்டினாள்,
காத்தாடிக்குக் காவல் இருக்கும் புருஷனுக்கு.
பிறகு தானியேல் மகளின் கல்யாணப் பத்திரிகை, எட்டு வீடு.
பிறகு ஒரு வெள்ளாடு, காது கிழிந்தது, கண்டால் பத்திவிடணுமாம்.
நாற்பத்தைந்து நிமிடம் ஒன்றே முக்கால் மணியானது.
வேகம் போயிற்று.
சர்க்கரை இருநூற்றுப் பத்தில் நின்றுகொண்டது.

ஆவணியில் ஒரு நாள் விடியுமுன்னே கிளம்பி
பாதை வலப்பக்கம் வளையும் இடத்தில்
நான் வளையவில்லை.
இரண்டு பொத்தைக்கும் நடுவே தாழ்ந்த இடம்.
விராலிச் செடி, ஆவாரை, ஒரு தட்டைப்பாறை.
பத்திரிகை வாங்க வீடு இல்லை, வாளி வாங்க ஆள் இல்லை.
போய்விட்டு வந்தேன்.
மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள்
அருவாளை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழைக்கு எல்லாம் முளைத்தது.
சரிவு முழுக்கப் பச்சை;
நடுவில் ஒரு கோடு மட்டும் முளைக்கவில்லை.
டேப் வேண்டாம், கண்ணே சொல்லும், பதினோரு அங்குலம்.
நேராக வெட்டாத துணியின் ஓரம்போல
அங்கங்கே இழுத்துக்கொண்டு கிடந்தது.
அந்த இழுப்பு என் இடது முட்டியின் வேலை.
கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.
என் கையால் தைத்ததையெல்லாம்
யாரோ உடுத்திக்கொண்டு போய்விட்டார்கள்.
இது மட்டும் கிழிந்து திரும்பி வராது என்று தோன்றியது.

மறு வாரம் அதில் ஆட்டுப் புழுக்கை.
அடுத்து ஒரு சைக்கிள் தடம்.
கார்த்திகையில் எதிரே ஒரு டிவிஎஸ் வண்டியே வந்தது,
பின்னால் முருங்கைக்காய்க் கட்டோடு.
அசலூர் ஆள்.
என் வாயிலிருந்துதான் வந்தது, சத்தியமாக:
"எங்க போறிய?"

"பணகுடி ரோட்டுக்கு. இப்படிப் போனா ரெண்டு மைல் மிச்சம்."

"பாதை புதுசோ?"

ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார்.
"புதுசா? எங்க அப்பா காலத்துப் பாதைல்லா இது!
ஒதுங்குங்க தாயி."

ஒதுங்கினேன்.
சேலைக் கரை முழுக்க நெருஞ்சி.
தட்டைப்பாறையில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாகப் பிடுங்கி முடிக்க
நாற்பத்தைந்து நிமிடம் ஆனது.

மறுநாள் கொஞ்சம் வடக்கே தள்ளி நடந்தேன்.