பதினேழு சென்டிமீட்டர்

லியெபாயாவில் கடல்காற்று
துணியைக் காய விடுவதில்லை.
மாடிப்படிக்குக் கீழே, தலை குனிந்தால்தான் நுழையலாம்:
சலவை இயந்திரம், ஒரு குழாய்,
திரும்ப இடமில்லாமல் ஓர் ஆள்.

ட்ஸிந்த்ரா டேப்பை நீட்டினாள்.
சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே பதினேழு.
"சும்மா கிடக்கிறது" என்றாள்,
என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு.

பழைய கட்டில் பலகையை அறுத்தேன்.
அடியில் நான்கு சக்கரம். இழுத்தால் வரும், தள்ளினால் ஒளியும்.
மேல்தட்டில் சோப்புத்தூள், அதன் கீழே வெளுப்பான்,
கிளிப்புகள் ஊறுகாய் ஜாடியில்.
என் துறைமுக உடுப்புக்குத் தனிக் கொக்கி;
மற்ற துணியோடு அது பேசக் கூடாதாம்.
ஜோடி தொலைத்த காலுறைகளுக்கு ஒரு பிஸ்கட் டப்பா.
ஒன்பது இருந்தன. மூன்று ராய்விஸுடையவை,
அவன் டப்ளின் போய் ஆறு வருஷம்.

தூக்கிப் போடலாமா என்றேன்.
டப்பாவை மூடினாள்.

இடுக்கைக் கூட்டியபோது
பஞ்சு சுருண்ட மூலையில் ஒரு நாணயம்:
ஐம்பது சான்டீம். யூரோ வந்த பிறகு
எந்தக் கடையும் தொடாத காசு.
யார் பையிலிருந்து குதித்ததோ,
எத்தனை சலவை இரைந்து தீர்ந்ததோ அதன் பக்கத்தில்.

தரை லேசாகச் சரிவு.
இயந்திரம் பிழியத் தொடங்கினால்
அலமாரி தானாக வெளியே வந்து நிற்கிறது,
யாரோ கூப்பிட்டதுபோல்.
நான் மரச்சில்லு தேடிக்கொண்டிருந்தேன்.
அவள் அந்தக் காசை முன்சக்கரத்தின் அடியில் செருகி
காலால் ஒரு தட்டு தட்டினாள்.

இன்றைக்கு நின்றது.
போர்வை துவைக்கும் நாளன்று பார்க்கலாம்.